கச்சான் காற்றும் கடலடிச் சேறும்

ஊவா மாகாணத்தின் தலைநகரான பதுளையிலிருந்து நமுனுகுல மலையை நோக்கி ஏறும் பாதையில் அமைந்திருப்பது ஸ்பிரிங்வெளி. கோப்பிக் காலத்திலிருந்தே பெயர் பெற்ற பெருந்தோட்டப் பிரதேசம் இது. எத்திசை நோக்கினும் தேயிலை மலைகளும் லயன்களுமே தென்படும். இங்கு பிறந்து வளர்ந்து, கடலை ஒரு முறையேனும் காணாமலே வாழ்ந்து முடித்த முதியவர்கள் எத்தனையோ பேர். அத்தகைய ஓர் ஊரைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டு, ஆழ்கடலின் அடியிற் கிடக்கும் சேற்றைப் பற்றிப் பேசுவது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் ஸ்பிரிங்வெளிக்கும் கடலுக்கும் இடையே அறுபடாத மூன்று தொடர்புகள் உள்ளன. காற்று, மண், கருவாடு என்பனவே அவை.

முதலாவது காற்று. ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களில் அரபிக் கடலிலிருந்து புறப்பட்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மோதி, ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் மழையைக் கொட்டித் தீர்க்கின்றது. ஈரத்தை இழந்த அதே காற்று மலைத்தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது, வறண்டதாகவும் வெம்மை கூடியதாகவும் மாறிவிடுகின்றது. கிழக்கிலங்கை மக்கள் இதனைக் கச்சான் என்பர். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பர். இந்த வறண்ட காற்றில் தேயிலைச் செடி வாடி, கொழுந்து மெதுவாகத் துளிர்க்கும்போதுதான், உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி விலை பெற்றுத் தரும் அந்த நறுமணம் உண்டாகின்றது. ஆடி, ஆவணி மாதங்களே ஊவாவின் தரமான தேயிலைக்குரிய பருவமாகும். ஆனால் காற்று அளவு கடந்து வறட்சி நீடித்தால் கொழுந்தே இல்லாமற் போகும். நிர்ணயித்த கிலோவை எடுக்க முடியாத தொழிலாளிக்கு ‘அரைப் பேர்’ விழும். நறுமணத்தின் இலாபம் ஒருவருக்கும், வறட்சியின் நட்டம் இன்னொருவருக்கும் சேர்வது தோட்டப்புறத்தின் பழைய கணக்கு.

இரண்டாவது மண். ஸ்பிரிங்வெளிச் சரிவுகளில் மழை நீர் கரைத்துக் கொண்டு செல்லும் மண் பதுளு ஓயாவிற் சேர்ந்து, துன்ஹிந்தையில் அருவியாக வீழ்ந்து, மகாவலியுடன் கலந்து, ஈற்றில் திருகோணமலையின் கொட்டியாரக்குடாவை நோக்கிச் செல்கின்றது. அக்குடாவின் வாயிலிலேயே ஆழ்கடலை நோக்கிச் சரியும் மாபெரும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. காடழித்துக் கோப்பி நட்ட காலத்திலிருந்து மலைநாடு இழந்த மேல்மண்ணில் ஒரு பங்கு இவ்வழியே வங்கக் கடலின் அடித்தளத்திற்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றது.

மூன்றாவது கருவாடு. லயன் அறையின் அடுப்பங்கரையில் கடலைக் கொண்டுவந்து சேர்ப்பது கருவாடும் நெத்தலியும் மாசியும்தான். பச்சை மீன் எட்டாத மலைகளில், தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் குடும்பங்களின் புரதத் தேவையை ஓரளவேனும் நிறைவு செய்தவை அவையே. ஆகவே கடலில் மீன் விளைகின்றதா, இல்லையா என்பது ஸ்பிரிங்வெளியின் சோற்றுக் கோப்பைக்கும் உரிய கேள்வியாகும்.

இந்த மூன்று தொடர்புகளின் நீண்ட வரலாறும் கடலடிச் சேற்றில் எழுதப்பட்டுள்ளது. அதனை வாசிக்கக் கற்றுக்கொண்டவர்களின் கதையையும், அவர்கள் வாசித்துச் சொன்னவற்றையும் சுருக்கமாக இங்கே தர முயல்கின்றேன்.

சேறு ஏடான கதை

கடலின் அடித்தளம் என்ன பொருளால் ஆனது என்பதை உலகளாவிய முறையில் முதன்முதலாக ஆராய்ந்தது 1872 முதல் 1876 வரை சமுத்திரங்களைச் சுற்றி வந்த ‘சலஞ்சர்’ என்ற பிரித்தானியக் கப்பலாகும். அதில் சென்ற ஜோன் மரே, கடலடியிலிருந்து அள்ளப்பட்ட சேற்றின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளே என்பதைக் கண்டார். அவரும் பெல்ஜிய அறிஞர் ரெனாரும் இணைந்து 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆழ்கடற் படிவுகள் பற்றிய நூல் இத்துறையின் அடித்தளமாயிற்று. எனினும் சலஞ்சர் கப்பல் நமது அரபிக் கடலுக்கோ வங்கக் கடலுக்கோ வரவில்லை.

அக்குறையைத் தீர்த்ததும் மரேயின் பணமே. அவர் விட்டுச் சென்ற நிதியைக் கொண்டு, 1933–34ஆம் ஆண்டுகளில் ‘மபாஹிஸ்’ என்ற எகிப்தியக் கப்பல் அரபிக் கடலை ஆராய்ந்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் பணிப்பாளராக இருந்த சீமோர் சிவெல் அப்பயணத்திற்குத் தலைமை தாங்கினார். அரேபியக் கரையோரமாக, குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் வலை வீசியபோது உயிரினம் எதுவும் அகப்படவில்லை. அழுகிய முட்டையின் வாடை வீசும் சேறு மட்டுமே மேலே வந்தது. அங்கே நீரில் ஒட்சிசன் அற்றுப்போயிருந்தமையே அதற்குக் காரணம். மேற்பரப்பில் அளவுக்கு அதிகமாக உயிர் விளைந்து, மடிந்து, கீழே இறங்கி அழுகுவதால் ஒட்சிசன் தீர்ந்து விடுகின்றது. ஆக, கீழே காணப்பட்ட அந்த மயானம் மேலேயுள்ள செழிப்பின் மறுபக்கமே என்பது பின்னர் தெளிவாயிற்று.

சேற்றை அள்ளுவது ஒன்று. அதன் அடுக்குகள் குலையாமல் எடுப்பது வேறொன்று. பலாப்பழத்தின் முற்றலை அறிய ஆப்பு வெட்டிப் பார்ப்பது போல, நீண்ட இரும்புக் குழாயைக் கடலடியிற் செலுத்தி, உள்ளே ஆடுதண்டின் உறிஞ்சு விசையால் மண் நிரலைச் சிதையாமல் மேலே கொண்டுவரும் கருவியைச் சுவீடனைச் சேர்ந்த குல்லன்பேர்க் 1940களில் உருவாக்கினார். 1947–48இல் உலகைச் சுற்றிய சுவீடனின் ‘அல்பற்றோஸ்’ கப்பல் இக்கருவியைப் பயன்படுத்திப் பல மீற்றர் நீளமான நிரல்களை எடுத்தது. கீழே பழையது, மேலே புதியது என்ற ஒழுங்கு கெடாமற் கிடைத்ததால், சேறு அன்றிலிருந்து பக்க எண் இடப்பட்ட ஏடாக மாறியது எனலாம்.

1959 முதல் 1965 வரை பல நாடுகளின் கப்பல்கள் பங்குபற்றிய சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுத் திட்டம் அடுத்த படியாகும். அதன் விளைவாகவே 1966 ஜனவரி முதலாந் திகதி இந்தியாவின் தேசிய கடலியல் நிறுவகம் தோற்றம் பெற்றது. 1983இல் சேவைக்கு வந்த ‘சாகர் கன்யா’ என்ற ஆய்வுக் கப்பல், இந்தியாவைச் சூழ்ந்த கடல்களிலிருந்து ஏராளமான சேற்று நிரல்களைத் திரட்டியது. 1987இல் ‘ஜொய்டிஸ் ரெசொலூஷன்’ என்ற துளையிடும் கப்பல் ஓமான் கரையோரத்தில் எடுத்த நிரல்கள், நமது பருவக்காற்றின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாயின.

ஓடுகளின் சாட்சியம்

மணல் மணியிலும் சிறிய ஓர் ஓட்டிலிருந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய காற்றை எவ்வாறு அறிவது? கேள்வி நியாயமானதே.

போராமினிபெரா எனப்படும் ஒரு கல உயிரிகள் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. இறந்ததும் ஓடு அடியில் இறங்கிச் சேற்றிற் புதைகின்றது. ஆய்வாளர்கள் அச்சேற்றைச் சல்லடையிற் கழுவி, உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, நுண்ணிய தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இனம் பிரிக்கின்றனர். அரிசியிற் கல் பொறுக்கும் பொறுமை இதற்கு வேண்டும்.

முதற் சாட்சியம் எண்ணிக்கை. குளோபிஜெரினா புல்லொயிடிஸ் என்ற ஓர் இனம் பொதுவாகக் குளிர்ந்த கடல்களுக்குரியது. வெப்ப மண்டலத்தில் அது பெருகுவது, ஆழத்திலிருந்து குளிர்ந்த, ஊட்டம் மிகுந்த நீர் மேலெழும் இடங்களிலே மாத்திரம். பலத்த பருவக்காற்று மேற்பரப்பு நீரைத் தள்ளிச் செல்லும்போதே கீழ் நீர் மேலே வருகின்றது. ஆகவே ஓர் அடுக்கில் இந்த ஓடு மிகுந்திருந்தால், அவ்விடத்தில் அக்காலத்தில் நீர் மேலெழுந்தது, உயிர் விளைந்தது என்று பொருள்.

இரண்டாவது சாட்சியம் ஒட்சிசன். அதில் எடை குறைந்ததும் எடை கூடியதுமான வகைகள் உண்டு. கடல் நீர் ஆவியாகும்போது எடை குறைந்தது முந்திக்கொண்டு எழும். ஆதலால் மழையிலும் ஆற்று நீரிலும் எடை குறைந்த வகையே மிகுந்திருக்கும். ஆற்று வெள்ளம் கலந்த கடலில் வாழ்ந்த உயிரியின் ஓடு அந்த அடையாளத்தைத் தாங்கி நிற்கின்றது. மூன்றாவது சாட்சியம் மகனீசியம். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஓட்டிற் சேரும் மகனீசியத்தின் அளவு கூடும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அக்கடலின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் கணிக்கலாம். ஓட்டிலுள்ள கதிரியக்கக் காபன், ஏறத்தாழ 40,000 அல்லது 50,000 ஆண்டுகள் வரையில் அதன் வயதைச் சொல்லும்.

ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு வழங்குவதில்லை. பல சாட்சிகள் ஒத்துப்போகும் இடத்திலேதான் வரலாறு உறுதிப்படுகின்றது. பத்திரிகைத் தொழிலிலும் இதுவே விதி.

காற்றின் பத்தாயிரம் ஆண்டுகள்

ஓமான் கரையோர நிரலை ஆராய்ந்த அனில் குப்தா, டேவிட் அண்டர்சன், ஜொனதன் ஓவர்பெக் ஆகியோர் 2003இல் வெளியிட்ட முடிவுகள் பரவலாகப் பேசப்பட்டன. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தென்மேற்குப் பருவக்காற்று இன்றையதினும் வலிமையாக வீசியது; பின்னர் அது படிப்படியாகத் தளர்ந்தது; அத்தளர்ச்சியும் சீராக நிகழாமல் இடையிடையே திடீர் வீழ்ச்சிகளோடு நிகழ்ந்தது; அவ்வீழ்ச்சிகள் தொலைவிலுள்ள வட அத்திலாந்திக் சமுத்திரம் குளிர்ந்த காலங்களோடு ஒத்துப்போயின என்பன அம்முடிவுகளாகும்.

நீண்ட காலத் தளர்ச்சிக்குக் காரணம் வானத்திலே உள்ளது. பூமியின் அச்சு பம்பரம் போல் மெதுவாகத் தள்ளாடுவதால், சூரியனுக்கு நாம் மிக அண்மையில் வரும் மாதம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மாறிக்கொண்டே போகின்றது. இன்று அது ஜனவரி மாதத்தில் நிகழ்கின்றது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது வடகோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. ஆசிய நிலப்பரப்பு மிகுதியாகச் சூடேறியதால் கடற்காற்று பலமாக இழுக்கப்பட்டது. இதனை அமெரிக்க அறிஞர் ஜோன் குட்ஸ்பாக் 1981ஆம் ஆண்டிலேயே கணினி மாதிரி மூலம் காட்டியிருந்தார்.

அப்படியானால், காற்று பலமாக வீசிய அக்காலத்தில் நமது கடல்கள் யாவும் மீன் வளம் கொழித்திருக்க வேண்டுமல்லவா? இங்கேதான் சேறு எதிர்பாராத ஒரு சேதியைச் சொல்கின்றது. பிரான்சைச் சேர்ந்த பசினோவும் அவரது சகாக்களும் இந்தியாவின் தென்முனைக்கு அப்பால், அதாவது இலங்கைக்கு மேற்கே சற்றுத் தொலைவில், எடுக்கப்பட்ட நிரல் ஒன்றை ஓமான் நிரலோடு ஒப்பிட்டு 2011இல் எழுதினர. இன்று இவ்விரு இடங்களிலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே கடல் செழிக்கின்றது. ஆனால் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஓமான் கடல் செழிப்பின் உச்சத்தில் இருந்தபோது, நமது அயற்கடல் செழிப்பின் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தது. ஓமானில் உயிர் விளைச்சல் குறையக் குறைய, இங்கே அது கூடி வந்திருக்கின்றது. ஒரே பருவக்காற்று ஒரு கடலுக்கு வரமாகவும் இன்னொரு கடலுக்கு வறுமையாகவும் இருந்திருக்கின்றது. ‘காற்று கூடினால் வளம் கூடும்’ என்ற எளிய சூத்திரம் இத்துடன் உடைந்துபோயிற்று.

கடல் சொல்வதை மலையும் உறுதிப்படுத்துகின்றதா எனக் கேட்போருக்கு, ஊவாவின் எல்லையிலேயே விடை உண்டு. பதுளை மாவட்டத்தின் ஒஹியாவிலிருந்து ஏறிச் சென்றடையும் ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்குள்ள சதுப்பு நிலத்தில் ஆறு மீற்றர் ஆழத்திற்குப் படிந்திருந்த கரி மண்ணை ஆராய்ந்து, இலங்கையரான பிரேமதிலக்கவும் சுவீடனைச் சேர்ந்த ரிஸ்பேர்க்கும் 2003இல் 24,000 ஆண்டுக்கால வரலாறு ஒன்றை வெளியிட்டனர். அவர்களுக்குச் சாட்சியாக அமைந்தவை மகரந்தத் துகள்களும் நுண்பாசிகளும் காபனும் ஆகும். பனியுகத்தின் உச்சத்தில் அச்சமவெளி வறண்டிருந்தது. பின்னர் ஈரம் விட்டுவிட்டு ஏறி, ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரான காலப் பகுதியில் உச்சம் கண்டு, அதன் பின் நெடுங்காலம் வறட்சி மிகுந்தது. கடலும் மலையும் தனித்தனியே எழுதிய இரு நாட்குறிப்புகள், பெரிய திருப்பங்களில் ஒத்துப்போவதைக் காண்கிறோம்.

அந்தக் கரி மண் இன்றளவும் கிடைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1873ஆம் ஆண்டில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என்று ஆலோசனை கூறினார். அந்த ஆலோசனை இல்லாதிருந்தால் கோப்பியின் பசிக்கு உச்சிக் காடுகளும் இரையாகி, அந்த நாட்குறிப்பும் மகாவலியோடு போயிருக்கக் கூடும்.

மிகுந்தாலும் குறைந்தாலும்

இனி வங்கக் கடலுக்கு வருவோம். உலகச் சமுத்திரப் பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவான இக்கடல், உலக மீன் விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தருவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. 2014 நவம்பர் இறுதி தொடக்கம் 2015 ஜனவரி வரை ‘ஜொய்டிஸ் ரெசொலூஷன்’ கப்பல் இக்கடலில் பருவக்காற்றின் வரலாற்றைத் தேடித் துளையிட்டது. அப்பயணத்தில் கிடைத்த ஓடுகளை ஆராய்ந்து, அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் கௌஸ்துப் திருமலையும் அவரது குழுவினரும் 2025ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கடந்த 22,000 ஆண்டுகளை அவ்வாய்வு அலசியது.

அவர்கள் கண்டது இதுதான்: ஏறத்தாழ 17,500 முதல் 15,500 ஆண்டுகளுக்கு முன்னர் பருவக்காற்று மிகவும் தளர்ந்திருந்தது. ஏறத்தாழ 10,500 முதல் 9,500 ஆண்டுகளுக்கு முன்னர் அது மிகவும் உக்கிரமாக இருந்தது. இவ்விரு காலங்களிலும் வங்கக் கடலின் மேற்பரப்பில் உயிரினங்களுக்குக் கிடைத்த உணவு பாதியளவாகக் குறைந்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. கடலின் உரம் ஆழத்திலே கிடக்கின்றது. சூரிய ஒளியோ மேற்பரப்பிலே விழுகின்றது. இரண்டும் சந்தித்தாலன்றி உயிர் விளையாது. காற்று தளர்ந்தால் கடலைக் கலக்குவதற்கு ஆள் இல்லை. உரம் மேலே வராது. மழை அளவு கடந்தால் கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர், உப்பு நீரின்மேல் மூடி போட்டதுபோல் மிதந்து நிற்கும்; அப்போதும் உரம் மேலே வராது. மிகினும் குறையினும் நோய் செய்யும் என மருத்துவத்தில் நம் முன்னோர் கண்ட உண்மை, கடலுக்கும் பொருந்துவதை ஓடுகள் மெய்ப்பிக்கின்றன.

ஸ்பிரிங்வெளியில் வறண்டு வீசிய அதே கச்சான் காற்று, கீழ்க்கரையைத் தாண்டிக் கடலுக்குச் சென்றதும் அங்கே வேறொரு வேலையைத் தொடங்குகின்றது. இலங்கையின் கிழக்கே மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், காற்றின் சுழற்சியால் குளிர்ந்த நீர் குவிமாடம் போல் மேலெழுகின்றது. இதனை இந்தியாவின் விநயச்சந்திரனும் ஜப்பானின் யமகட்டாவும் 1998இல் விவரித்தனர். கடலியலாளர் இதற்கு இலங்கைக் குவிமாடம் என்றே பெயரிட்டுள்ளனர். மலையிற் கொழுந்து குறையும் அந்த மாதங்களில் கடலில் நுண்பாசி பெருகுகின்றது. அப்பாசியே மீனுக்கு ஆதாரம். தேயிலைக்கு மணமும் கடலுக்கு உரமும் தந்து வந்த இக்காற்று, தன் நடுத்தர அளவில் நிற்கும் வரையிலேதான் இரண்டையும் தந்து வந்திருக்கின்றது.

அந்த நடுத்தர நிலை இனியும் நிலைக்குமா என்பதே இன்றைய கேள்வி. இந்து சமுத்திரம் வேகமாக வெப்பமடைந்து வருகின்றது. மேற்பரப்பு வெப்பமடைந்தால் நீர் அடுக்குகள் ஒன்றோடொன்று கலப்பது கடினமாகும். கடந்த அறுபது ஆண்டுகளில் மேற்கு இந்து சமுத்திரத்தின் நுண்பாசி நூற்றுக்கு இருபது பங்கு வரை குறைந்திருக்கலாம் என ரொக்ஸி மத்தியூ கோலும் சகாக்களும் 2016இல் எச்சரித்தனர். பருவமழை எதிர்காலத்தில் மேலும் உக்கிரமாகும் என்றே பெரும்பாலான கணினி மாதிரிகள் கூறுகின்றன. மழை மிகுந்த காலத்தில் வங்கக் கடலுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சேறு முன்கூட்டியே சொல்லியிருக்கின்றது.

மலைக்கு என்ன நேரும் என்பதை நாம் கண்ணாரக் கண்டுவிட்டோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையின் மீரியபெத்தையில் மலை சரிந்து, லயன்களோடு மனிதர்களையும் புதைத்தது. வங்கக் கடலில் அந்த ஆய்வுப் பயணம் தொடங்குவதற்குச் சரியாக ஒரு மாதம் முந்திய நாள் அது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி, பதுளை உட்பட மலைநாடு முழுவதையும் மண்சரிவுகளால் சிதைத்தது. ஆழ்கடலில் மூடியாக நிற்கும் நன்னீரும், லயன்களின் மேல் விழும் மலையும் ஒரே வகை மழையின் இரு முகங்கள்.

சேறு சொல்லாதது

சேற்றின் பெருமையைப் பேசும்போது அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். திறந்த கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்றிமீற்றர் சேறே படிகின்றது. அதையும் புழுக்கள் கிளறிவிடுகின்றன. ஆகவே நூற்றாண்டுகளைச் சொல்லும் சேறு, ஆண்டுகளைச் சொல்வதில்லை. ஒட்சிசன் அற்றுப் புழுக்கள் வாழ முடியாத பாகிஸ்தான் கரையோரம் போன்ற சில இடங்களில் மட்டும் ஆண்டு வாரியான மெல்லிய அடுக்குகள் கலையாமல் கிடைத்துள்ளன.

நமது மக்களின் வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டு எவ்வளவு பெரியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1876ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இரு பருவமழைகளும் பொய்த்தன. பசிபிக் சமுத்திரத்தின் மிகப் பலத்த எல் நினோ ஒன்று 1877–78இல் நிகழ்ந்தது. தாது வருடப் பஞ்சம் என இன்றும் முதியோர் வாயில் வழங்கும் அக்கொடுமையில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு திருநெல்வேலி, மதுரை, திருச்சி மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட பல்லாயிரவர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, மலைகளில் ஏறினர். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் வந்து சேர்ந்த காலத்தில் ஊவாவின் கோப்பியும் சாகத் தொடங்கியிருந்தது. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் தோட்டம் தோட்டமாகப் பரவி, கோப்பியை வீழ்த்தித் தேயிலைக்கு வழி திறந்தது.

இன்று ஸ்பிரிங்வெளியிலும் அயல் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு, அந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் காற்றினாலே தீர்மானிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டுகளைத் தனித்துக் காட்டும் ஆற்றல் திறந்த கடலின் சேற்றுக்கு இல்லை. அதனை எழுதி வைத்தவர்கள் மனிதர்களே. மழைமானி வைத்து அளந்த உத்தியோகத்தர், துறைமுகத்தில் தலை எண்ணிய எழுதுவினைஞர், பாட்டிலும் ஒப்பாரியிலும் பஞ்சத்தைப் பாடிய பெண்கள் ஆகியோரிடமிருந்தே அது நமக்குக் கிடைத்தது.

ஆகவே நமக்கு இரண்டு ஏடுகளும் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளின் போக்கைச் சொல்லும் சேற்றை, வசதியுள்ள நாடுகளும் அயல்நாட்டு நிறுவகங்களும் குளிரறைகளிற் பத்திரமாகக் காத்து வருகின்றன. ஆண்டுகளையும் மாதங்களையும் சொல்லும் ஏடுகளோ நம் கைக்கெட்டும் தொலைவிலே கரையான் அரித்துக் கிடக்கின்றன. தோட்டக் காரியாலயங்களில் நாள்தோறும் மழை அளவைப் பதிந்து வைப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து வந்த வழக்கம். கொழுந்தின் நிறை, பிரட்டுக்குப் பெயர் கொடுத்தோர் தொகை, கவ்வாத்து வெட்டிய நாள் யாவும் அவற்றோடு சேர்த்து எழுதப்பட்டன. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போது தோட்டங்கள் கைமாறின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைமாறும் ஒவ்வொரு தடவையும் பழைய பதிவேடுகள் குப்பைக்குப் போகும் அபாயம் உண்டு.

அவ்வேடுகளை வெறுங் கணக்குப் புத்தகங்களாக எண்ணலாகாது. எந்த ஆண்டு கச்சான் எத்தனை நாள் வீசியது, எத்தனை குடும்பம் அரைப் பேரில் வயிற்றைக் கழுவியது, எந்த மழையில் எந்த மலை கசிந்தது என்பதெல்லாம் அவற்றிலே உண்டு. எந்த லயனை இடம் மாற்ற வேண்டும், எந்தச் சரிவில் குடியிருப்பு அமைக்கலாகாது என்பதைத் தீர்மானிப்பதற்கும் அவை பயன்படும். மலையகத்தின் ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தத்தம் தோட்டத்துப் பழைய மழைப் பதிவேட்டைத் தேடிப் பிரதியெடுத்து வைப்பார்களேயானால், அது பெரும் வரலாற்றுப் பணியாக அமையும்.

ஓட்டைக் கட்டிய அந்த நுண்ணுயிர், வருங்காலத்திற்குச் சாட்சியம் வைக்கின்றோம் என எண்ணி அதைக் கட்டவில்லை. மழைமானியை நோக்கிய தோட்டத்துக் கிளாக்கரும் அவ்வாறு எண்ணியிருக்க மாட்டார். ஆனால் வருங்காலம் வந்துவிட்டது. சேற்றை வாசிக்க உலகம் பெரும் பொருட்செலவில் கப்பல் அனுப்புகின்றது. காரியாலயத்து அலுமாரியைத் திறப்பதற்கு நமக்கு ஒரு சாவி போதும்.